பெருமாள்மலையில் பஸ் நிற்கும் நேரம்

என் மகளுக்குத் தோழி என்று ஒருத்திகூட இல்லையோ என்ற பயம், அவள் பதினொன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்தே என்னை அரித்துக்கொண்டிருந்தது. கொடைக்கானலில் பள்ளிக்கூடம். விடிந்ததும் ஹாக்கி, சாயங்காலம் பாட்டுக்குழு, சனிக்கிழமை கீபோர்டு, ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. நாங்கள் எதையும் திணிக்கவில்லை. எல்லாம் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டது. வருவாள், தின்பாள், தூங்குவாள். ஏரியைச் சுற்றி அரட்டை அடித்தபடி சைக்கிள் ஓட்டும் பெண்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு ரகசியம் சொல்லக்கூட ஆள் இல்லாமல் இந்த வயதைத் தாண்டிவிட முடியுமா?

கேட்டால், "ஏம்மா சும்மா நொய் நொய்ங்கிற? எனக்கு எல்லாரும் இருக்காங்க" என்பாள். இருக்கிறவர்கள் ஒருநாளும் எங்கள் வாசலை மிதித்ததில்லை.

போன மழைக்காலத்தில் மைதானத்தில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் கட்டோடு வந்து சேர்ந்தாள். காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். எங்கள் வீடு பெருமாள்மலை பஸ் ஸ்டாப்பை ஒட்டிய சந்தில். மலையிறங்கும் சாயங்கால பஸ் வந்து நிற்பதும், டிரைவர் டீ குடித்துவிட்டு வண்டியை எடுப்பதும் வீட்டுக்குள்ளேயே கேட்கும். தினமும் அவள் வந்து இறங்குவது அதில்தான்; அவளோடு விளையாடுகிற பெண்கள் சிலரும் அதில்தான் கீழே ஊருக்குப் போவார்கள். இரண்டு நாள் பஸ் வந்தது, போனது. யாரும் வரவில்லை.

"ஒருத்தி எறங்கி எட்டிப் பாத்தா கொறஞ்சா போயிருவா?" என்று வெடித்தேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தலையில் சீப்பு வைக்கவும் விடவில்லை. நான் பயந்தது சரிதான் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் கதவு படாரென்று திறந்தது. டிராக்சூட்டும் சேறுமாக நாலு பெண்கள்.

"ரெண்டு நாளா திண்டுக்கல்ல மேட்ச் ஆன்ட்டி. டிரைவர் டீ குடிக்கிறாரு, வெரசா போகணும்" என்று ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டிலில் ஏறிவிட்டார்கள். ஒருத்தி கேட்காமலே அந்தச் சிக்குத் தலையைப் பிடித்து வாரத் தொடங்கினாள். மேட்சில் தோற்றதற்காக என் மகள் அவர்களைத் திட்டிய திட்டு இருக்கிறதே! அப்படி ஒரு குரல் அவளுக்கு உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். பாதிப் பின்னலில் ஹாரன் கேட்டது. ஓடிவிட்டார்கள்.

கடமைக்குத் தலையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே மீதியைப் பின்னப் போனேன்.

"விடும்மா. நாளைக்கு அவளே வந்து போடுவா."

மறுநாளும் வந்தார்கள். பின்னல் முடிந்தது. யாரோ ஒரு பையனின் பேச்சு வந்ததும் குரல்கள் தணிந்தன, பிறகு ஒரே சிரிப்பு. டிரைவர் இந்நேரம் டீயை முடித்திருப்பாரே என்று எனக்குத்தான் பதற்றம்.

"போங்கடி, பஸ்ஸு போயிரும்!"

"போகாது ஆன்ட்டி. டிரைவர் அண்ணனுக்கு ரெண்டாவது டீயும் வடையும் வாங்கிக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கோம்" என்றாள் பின்னல்காரி. "கொடைக்கானல்ல இருந்து இங்க வரைக்கும் தெனம் பேசிட்டே வருவோம். இவ இல்லாம பஸ்ல ஒரே போரு."

அந்த பஸ்ஸில் அவள் களைத்துத் தூங்கிக்கொண்டு வருகிறாள் என்றே நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவ்வளவு நிம்மதி.

அடுத்த நாள் பஸ் வருவதற்கு முன்பே டீக்கடைக்குப் போய், டிரைவருக்கு மூன்றாவது டீயைச் சொல்லிவைத்துவிட்டு வந்தேன்.