கலைச்செல்விக்கு வாய்த்த லைஃப் ஜாக்கெட்

சாலைக் கடைத்தெருவில் நைட்டியும் சுடிதாரும் விற்கிற கலைச்செல்வியைத் தெரியாத பெண்பிள்ளைகள் கிடையாது. பதினாறு வருஷமாக ஒரே கடை. ஆளை ஒரு தரம் மேலிருந்து கீழே பார்ப்பாள், அளவைச் சொல்லிவிடுவாள். கழுத்தில் கிடக்கிற டேப்பு சும்மா பேருக்குத்தான். வள்ளியூர்ப் பக்கம் இருந்து மலையாளக் கரைக்கு வாக்கப்பட்டு வந்தவள். மலையாளத்தில் வியாபாரம் பேசுவாள், தமிழில் கோபப்படுவாள்.

அவளுக்கே ஒரு உடுப்பு வாங்கத் தெரியாமல் போச்சு என்றால் நம்புவீர்களா? நம்பினாலும் நம்பாவிட்டாலும் நடந்தது அதுதான்.

வாரத்தில் ஆறு நாள் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிற கால் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அதற்கு ஓய்வு. அன்றைக்கு வெள்ளாயணிக் காயலில், பினுவின் படகில் போய் உட்கார்ந்துகொள்வாள். பினு அங்கே துடுப்புப் படகு விடுகிற பையன். ரெண்டு பேர் உட்காருகிற பிளாஸ்டிக் படகு. முன்னால் கலை, பின்னால் அவள் சிநேகிதி பிஜி. காலை நீட்டிக்கொண்டு துடுப்புப் போட்டுப் போய், தாமரைக்கொடி இல்லாத இடமாகப் பார்த்துத் தூண்டில் வீசுவார்கள். அவளை முதன்முதலில் அங்கே கூட்டிப்போனவன் புருஷன் விஜய்குமார்தான். அரை மணி நேரத்தில் அவனுக்குத் தூக்கம் வந்தது, அவளுக்குப் பைத்தியம் பிடித்தது.

தொல்லை எங்கே வந்தது என்றால், லைஃப் ஜாக்கெட்டில். பினு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு ஜாக்கெட் கொடுப்பான். ரெண்டு தலையணையை முன்னும் பின்னும் வைத்துக் கட்டின மாதிரி இருக்கும். ஆம்பிளை உடம்பை அளந்து தைத்தது. நெஞ்சை அழுத்தும், கக்கத்தை உரசும், வீசுவதற்குக் கையைத் தூக்கினால் தாடையில் இடிக்கும். நடுக்காயலில் அதன் வாரைக் கழற்றிவிட்டுத்தான் கலை தூண்டில் போடுவாள். நீச்சலும் தெரியாது, மகராசிக்கு. ரெண்டாம் தடவை பினு கண்ணில் பட்டுவிட்டாள்.

"சேச்சி, இனி ஒரு தடவை வாரைக் கழட்டினா, நீங்க கரையில நின்னு தூண்டில் போட்டா மதி."

"கரையில நிக்கணுமா? ஆறு நாளும் நிக்கிறது போதாதாடா எனக்கு?"

"அப்போ ஒழுங்கா ஒரு ஜாக்கெட்டு சொந்தமா வாங்குங்க. பூட்டாத ஆளுக்குப் படகில்லை, கேட்டோ!"

பினு சொன்னது நியாயம்தான். ஆனால் அதை அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

பழவங்காடிப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. அங்கே வேலை பார்க்கிற யோசுவா, மார்த்தாண்டத்துக்காரன், ஒரு நீல ஜாக்கெட்டை எடுத்து மாட்டிவிட்டான்.

"அக்காவுக்கு நல்ல எடுப்பா இருக்கு."

"கொஞ்சம் பிடிக்குதே?"

"போடப் போட இளகிரும்க்கா."

"தம்பி, இதை நானே ஒரு நாளைக்கு இருபது பேர்கிட்ட சொல்றேன். வேற ஏதாவது பேசு."

கலை கண்ணாடி முன்னால் நின்றாள், திரும்பினாள், கையைத் தூக்கினாள். தச்சு வச்ச மாதிரி இருந்தது. வாங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படகில் உட்கார்ந்தாள். நாலு துடுப்புப் போடவில்லை, ஜாக்கெட் மேலே ஏற ஆரம்பித்தது. இருக்கையின் சாய்மானம் பின்பக்கத்து ஃபோமை முட்டி முட்டித் தள்ளியது. தோள்பட்டை காதுக்கு வந்துவிட்டது.

"எடீ கலை, நல்ல ஆமை போல இருக்கியே!" என்று பின்னாலிருந்து பிஜி சிரித்தாள்.

கலையின் கை வார்ப்பூட்டுக்குப் போயிற்று. தூரத்தில் பினு இருமினான். கையை எடுத்துக்கொண்டு, ஒரு தடவைகூட வீசாமல் கரைக்குத் திரும்பினாள்.

"என்ன, மீனுக்கெல்லாம் இன்னைக்கு லீவா?" என்றான் வீட்டில் விஜய்குமார்.

அவள் சிரிக்கவில்லை. "ஏங்க, கடையில அதை நான் நின்னுக்கிட்டே போட்டுப் பாத்தேன்."

"எல்லாரும் நின்னுதானே பாப்பாங்க?"

"படகுல நான் நிக்கவா போறேன்?"

பதினாறு வருஷமாக வந்தவர்களையெல்லாம் கண்ணாடி முன்னால் நிற்கவைத்தவள் அல்லவா? நின்று பார்ப்பது ரத்தத்தில் ஊறிவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், நீல ஜாக்கெட்டோடு யோசுவா முன்னால் போய் நின்றாள்.

"மாத்தித் தரணும் தம்பி. முதல்ல இந்தத் தரையைக் கூட்டு."

கூட்டினான். அவள் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். ஒரு அட்டைப்பெட்டியை முதுகுக்கு வைத்துக்கொண்டாள். அவன் கையிலிருந்த விளக்குமாற்றையே வாங்கித் துடுப்பாகப் பிடித்தாள். வந்தவர்கள் எல்லாம் சுற்றிக் கூடிவிட்டார்கள். அவளுக்கு என்ன வந்தது? இடதும் வலதுமாக விளக்குமாறு போட்டாள்.

முதலில் போட்டது மேலே ஏறியது. அடுத்தது கக்கத்தைப் பிறாண்டியது. மூன்றாவதுக்குப் பின்பக்கம் மேலே மட்டும்தான் ஃபோம், கீழே முழுக்க வலைத்துணி. கை ஓட்டை அகலம். முன்பக்கம் ரெண்டு துண்டாகப் பிரிந்து நெஞ்சுக்கு இடம் விட்டது. பக்கவாட்டு வாரையெல்லாம் இழுத்து இறுக்கினாள்.

"இது எத்தனை கிலோ தாங்கும்?"

"தொண்ணூறு வரைக்கும்க்கா. நீங்க எவ்வளவு..."

"அது உனக்கு எதுக்கு? தொண்ணூறு போதும்."

பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "ஏம்மா, இந்தத் தோள்பட்டை ரெண்டையும் பிடிச்சு மேல இழு, பாப்போம்" என்றாள். அந்தப் பெண் மூச்சைப் பிடித்து இழுத்தாள். கலைதான் அசைந்தாள், ஜாக்கெட் அசையவில்லை. நிறம்தான் கிளிப்பச்சை. அவள் கடையில் அந்த நிறம் மூணு வருஷம் விலைபோகாமல் தொங்கும். தொங்கட்டுமே!

அடுத்த ஞாயிறு. மூணு வாரையும் பூட்டிக்கொண்டு ஏறினாள். துடுப்புப் போட்டாள், தலைக்கு மேலே கையைச் சுழற்றி வீசினாள். ஜாக்கெட் போட்டிருக்கிற நினைப்பே அவளுக்கு இல்லை. அப்போதுதான் வரால் இழுத்தது. சின்ன இழுப்பு இல்லை, படகே திரும்பிற்று. கலை ஒரு பக்கம் சாய்ந்தாள். "எந்தா, எந்தா மீனு?" என்று பிஜியும் அதே பக்கம் எட்டிப் பார்த்தாள். அப்புறம் படகு சும்மா இருக்குமா?

ரெண்டு பேரும் தொப்பென்று தண்ணீரில். கலை ஒரு முங்கு முங்கி, தேங்காய் மாதிரி மேலே வந்தாள். ஜாக்கெட் இருந்த இடத்திலேயே இருந்தது, முகம் தண்ணீருக்கு மேலே. தூண்டிலையும் விடவில்லை. பிஜி கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பதா இருமுவதா என்று தெரியாமல் கிடந்தாள்.

முகம் வெளுத்துப்போய்ப் பினு இன்னொரு படகில் துடுப்பு அடித்து வந்தான். "சேச்சி, கையைத் தா!"

"முதல்ல தூண்டிலைப் பிடிடா! நான் எங்கயும் போகமாட்டேன், அது போயிரும்!"

பிடித்தான். வரால் முழங்கை நீளம் இருந்தது. அதைப் படகுக்குள் போட்டுவிட்டு அவளைப் பார்த்தான். மூணு வாரும் பூட்டினபடி இருந்தன.

"படகு இனி உங்களுக்குத்தான் சேச்சி, எல்லா ஞாயிறும்" என்று மறுபடி கையை நீட்டினான்.

கலை கையைக் கொடுக்கவில்லை. காலை நீட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தாள்.

"இருடா, அஞ்சு நிமிஷம். நல்லாத்தான் இருக்கு."