ஊர் வந்துடுச்சி

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நான் பிறந்த இடத்துக்குக் காலனி என்று பெயர். கடலைக்கொல்லையைத் தாண்டி இருப்பதுதான் ஊர். சாதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஊர், காலனி என்றாலே புரிந்துவிடும். "ஊருக்குப் போய் எண்ணெ வாங்கினு வா" என்று அம்மா அனுப்புவாள். அப்படியென்றால் நாம் இருப்பது எங்கே என்று கேட்பேன். "வாயாடாம போடி" என்பாள்.

திருவண்ணாமலையிலிருந்து வரும் பஸ்ஸும் ஊரோடு திரும்பிவிடும். அங்கிருந்து அம்மா மூட்டு வலியோடு நடந்து வருவாள். அவளுக்குப் பின்னால், தூரத்தில், மலையும் கூடவே நடந்து வருவதுபோல் இருக்கும்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு கனவு வரும். பஸ் சத்தமே இல்லாமல் கடலைக்கொல்லைக்குள் மிதந்து வந்து எங்கள் வாசலில் நிற்கும். உள்ளே அம்மா மட்டும் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருப்பாள். அவளை எழுப்ப மனம் வராமல் நானே விழித்துவிடுவேன்.

வளர்ந்து ஒரு தொண்டு நிறுவனத்தை நடத்தும் ஆளாகிவிட்டேன். செங்கம் ரோட்டில் மாடியில் ஆபீஸ். ஏசி ஹால்களில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு சமத்துவம் பற்றி நான் பேசாத கூட்டமில்லை. எல்லாரும் கைதட்டும்போது, அம்மா இந்நேரம் ரோட்டில் நடந்துகொண்டிருப்பாளே என்று எரிச்சலாக வரும். எத்தனையோ ஊர்களுக்கு எதையெதையோ கேட்டு வாங்கிக் கொடுத்தவள் நான். எங்கள் காலனிக்கு பஸ் கேட்டால் மட்டும், டிப்போவில் "வண்டி திருப்ப எடம் இல்லீங்க மேடம்" என்ற ஒரே பதில்தான். கடைசியில் காலனியே திரண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முள்ளை வெட்டி, மண்ணடித்து இடம் பண்ணியது. அப்புறம் சொல்ல டிப்போக்காரர்களுக்குச் சாக்கு இல்லை.

முதல் நாள் பஸ்ஸில் அம்மாவோடு நானும் வந்தேன். ஊர் வந்ததும் பழக்கத்தில் எழுந்துகொண்டாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பஸ் திரும்பாமல் நேரே போனது. சாயங்கால வெயிலில் இரண்டு பக்கமும் கொல்லை மெல்ல நகர்ந்தது. கனவில் வந்த அதே கொல்லை. மறுபடியும் விழித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. முன்சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தொட்டியடியில் வண்டி நின்றது.

"ஊர் வந்துடுச்சி, எறங்குங்கம்மா" என்றார் கண்டக்டர். அவர் இந்தப் பக்கத்துக்குப் புதுசு.

அம்மா அசையவில்லை. "ஊரு அப்பவே போயிடுச்சிங்களே. நாங்க காலனில எறங்கணும்."

"இதுக்கு மேல ஊரு ஏதும்மா? இதான் ஊரு."

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள்.

போன வாரம் ஆபீசிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஊர்ல தான்."

"எதுக்கும்மா அங்க போன? எண்ணெ தீந்துடுச்சா?"



"எங்கயும் போவலடி. நம்ம வாசல்ல தான் நிக்கிறேன்."