அக்கா தூங்க வைத்த ஆண்டவர்

கடலை உண்டாக்கியவர்கள் இதுவரை இரண்டே பேர். ஒருவர் கடவுள். இன்னொருவர் என் அக்கா. கடவுளாவது ஏழாம் நாள் ஓய்வெடுத்தார். அக்கா அன்றைக்கும் ஏணி மேல்தான் நின்றாள். அவருடைய கடலில் உப்பு இருக்கிறது, இவளுடையதில் பெயின்ட் வாசம் இருக்கிறது. மற்றபடி பெரிய வித்தியாசம் கிடையாது.

அக்காவின் தொழில் போர்டு எழுதுவது. அப்பாவின் லாரிக்கு எழுத வந்த ஆள் பாதியில் ஓடிப்போக, மீதியை எழுதி முடித்தவள் அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த அக்கா. ‘இடைவெளி விடவும்’ என்று எழுதும்போது நடுவில் இடைவெளி விட மறந்துவிட்டாள். அதன் பிறகு தப்பே கிடையாது. சலூன், பல் டாக்டர், வண்டியை இங்கே நிறுத்தாதே, எல்லாம் அவள் கைதான். நான் படிப்புக்கு முழுக்குப் போட்டதிலிருந்து ஏணி பிடிப்பது என் உத்தியோகம்.

அவள் அதிகம் பேச மாட்டாள். தொடங்கும் முன் பிரஷ்ஷைப் பிடித்தபடி கண்ணை மூடி உதட்டை அசைப்பாள். “சலூன் போர்டுக்குமா ஜெபம்?” என்று கேட்டேன். “சானா கோணாம வரணும்ல,” என்றாள்.

எங்கள் சபையில் புதுச் சுவர் எழுப்பி, படம் வரையச் சொன்னார்கள். புயலில் படகு, சீடர்கள் அலறுகிறார்கள், இயேசு பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். அலையைப் பார்த்தாலே போர்டு எழுதுகிற கை என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றும் ‘ஓ’ மாதிரியே சுழித்து எழும்பும். அலறுகிறவர்களுக்கும் அதே எழுத்துதான் வேண்டும் என்பதால் நான் குறை சொல்லவில்லை.

குறை சொன்னவர் சபைச் செயலாளர். தூங்குகிற இயேசுவின் வாய் திறந்திருந்தது. லாரியை விட்டு இறங்கி வந்து அப்பா அப்படியே விழுந்து தூங்குவாரே, அந்த மாதிரி. கீழ்வரிசைப் பல்கூடத் தெரிந்தது.

“ஏம்மா, ஆண்டவர் குறட்டை விடுற மாதிரில்ல இருக்கு! வாய மூடிடு. இல்லன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள சுவருக்கு வெள்ளை அடிச்சிடலாம்.”

அக்கா மூட மாட்டேன் என்றாள். சனிக்கிழமை சாயங்காலம் போதகர் அக்காவையும் செயலாளரையும் சுவர் முன்னால் கூப்பிட்டார். வெள்ளைப் பெயின்ட் வாளி முன்கூட்டியே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. அக்காவின் முகம் அதைவிட வெளுத்திருந்தது.

“நான் பேசட்டுமாக்கா?” என்றேன் காதோரமாய்.

“நீ பேசினா சபையையே இழுத்துப் பூட்டிடுவாங்க. சும்மா நில்லு.”

போதகர் கேட்டார்: “வாய மூடினா என்னம்மா கொறஞ்சிடும்? நீயே சொல்லு.”

அக்கா பிரஷ்ஷைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“பகலெல்லாம் ஜனங்ககிட்ட பேசிட்டு வந்திருக்காருங்கய்யா. அசந்து தூங்குறாரு. அசந்து தூங்குறவங்களுக்கு வாய் மூடியிருக்காது. மூடி வரைஞ்சா, இவங்க இப்படி அலறும்போது அவரு முழிச்சிக்கிட்டே நடிக்கிற மாதிரி ஆயிடும். ஆண்டவர் நம்மகிட்ட நடிக்க மாட்டாருங்கய்யா.”

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. போதகர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“இருக்கட்டும்,” என்றார்.

செயலாளர் விடவில்லை. “பல்லையாவது மறைக்கச் சொல்லுங்கய்யா!”

அக்கா யோசித்துவிட்டுப் பல்லை மட்டும் மறைத்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. வாளி கழிவறைச் சுவருக்குப் போனது.

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். செயலாளர்கூடப் படத்தின் முன் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனார். பல் போய்விட்டதா என்று பார்த்திருப்பார். ஏணியை எடுத்து வருகிறேன் என்று சொல்லி நான் உள்ளே தங்கினேன். யாரும் இல்லையே என்று அந்தச் சுவருக்கு முன்னால் முழங்கால் போட்டேன். எனக்குத் தெரிந்த மாதிரி ஏதோ சொன்னேன். பெரும்பாலும் அக்காவைப் பற்றி. என்ன சொன்னேன் என்று இங்கே எழுதுவதாக இல்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினேன். சந்தேகம் வரக் கூடாதென்று மூக்கால் லேசாகக் குறட்டையும் விட்டேன்.

சத்தம் என் தலைமாட்டில் வந்து நின்றது.

“வாய் மூடியிருக்குடா,” என்றாள் அக்கா. “எந்திரி. முழங்கால்ல ஒட்டியிருக்கிற தூசியத் தட்டிட்டு ஏணியப் பிடி.”