புளிக்காத கொழுந்து

எங்கள் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உருட்டிய கொழுந்தைச் சிமெண்டுத் தரையில் பரப்பி வைப்பதற்குப் 'புளிக்க வைக்கிறது' என்று பெயர். யார் வைத்த பெயரோ, அவர் வாயில் மண் விழ. பச்சைக் கொழுந்து செம்பு நிறமாகும்வரை பரப்பிக் கிளறுவது என் வேலை. முந்தின மழையில் வழுக்கி விழுந்ததில் என் முழங்கால் கெட்டுவிட்டது. மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாது. ஸ்டோர் வேலை போனால் தோட்டத்துப் பதிவில் பேர் போகும், பேர் போனால் தோட்டம் கொடுத்த ஒற்றை அறையான லயத்துக் காம்பிராவும் போகும். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுப் பதில் வராத காலம் அது. வேறெங்கே போவது?

எங்கள் உடப்புசல்லாவைப் பக்கம் பனி கொட்டிய ஒரு வாரம், கொழுந்து நிறம் மாற நேரமெடுத்தது. ஸ்டோரை நடத்தும் டீமேக்கருக்குப் பொறுமை கிடையாது. குளிரில் தோசைமாவு புளிக்காவிட்டால் அடுப்போரம் வைப்பதில்லையா? அந்த அறிவுதான் அவருக்கும். சாக்குகளைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கிக் கொழுந்தின்மேல் போடச் சொன்னார். போட்டோம். சாக்கை எடுத்தபோது மேல்பரப்பு பச்சையாகவே வெந்து கிடந்தது. சூடு எட்டாத அடிப்பக்கம் மட்டும் செம்பாக மாறியிருந்தது. தேயிலை கெட்டது. தோட்டத்து மானேஜர் பெரிய தொரை கத்தினார். டீமேக்கர் என் பக்கம் திரும்பினார்.

"தீட்டோட தொட்டியா? மாவு கெடுற மாதிரி கெட்டுப்போச்சு பாரு!"

"இல்லீங்க ஐயா. சுடுதண்ணிச் சாக்குதாங்க காரணம்."

"எனக்கே டீ போடச் சொல்லித் தர்றியா? நாளையிலேருந்து மலைக்குப் போ!"

எனக்கு அன்று தீட்டு இல்லை. இருந்திருந்தால்தான் என்ன? மலையில் அத்தனை பெண்கள் தினமும் பறிக்கிற கொழுந்தில் ஒட்டாத தீட்டு, ஸ்டோர் வாசலைத் தாண்டியதும் வந்து ஒட்டிக்கொள்ளுமா? இதைக் கேட்க அங்கே ஒருத்திக்கும் வாய் இல்லை. என்னோடு ஸ்டோரில் கொழுந்து கிளறுகிற பக்கத்துக் காம்பிராக்காரியும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பாய் கடையில் ஒரு வாழைக்காய் வாங்கினேன். விடியற்காலையில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன், மற்றதை அப்படியே விட்டேன். சமைக்கிற எவளுக்கும் தெரிந்த விஷயம்தான். சும்மா விட்ட துண்டு கறுத்தது, வெந்த துண்டு கறுக்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் தட்டோடு ஸ்டோர் வாசலில் போய் நின்றேன்.

"கொதிதண்ணி பட்டா நிறம் மாறாதுங்க ஐயா. கொழுந்தும் அப்படித்தாங்க."

டீமேக்கர் தட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு புறங்கையால் தட்டிவிட்டார். துண்டுகள் வடிகாலில் விழுந்தன.

பல வருஷம் கழித்து மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் அந்தச் சங்கதியைப் படித்தேன். இலைக்குள்ளேயே நொதியம் என்று ஒன்று இருக்கிறதாம். இலை கசங்கிக் காற்றுப் பட்டதும் அதுதான் நிறத்தை மாற்றுகிறது, மாவு புளிக்கிற மாதிரிப் புளிப்பே இல்லையாம். தான் கொஞ்சமும் தீராமல் மற்றதை விரட்டி வேலை வாங்கும், எங்கள் கங்காணிகளைப் போல. கொதிசூட்டில் செத்துப்போகும். ஆனாலும் புத்தகத்தில் அதற்குப் பெயர் நொதித்தல். நொதித்தல் என்றாலும் புளித்தல்தானே? புத்தகம் எழுதினவர்களும் அந்தப் புளிப்பை விடவில்லை.

தட்டு விழுந்த அன்று மலையில் எனக்குக் கொடுத்தது செங்குத்தான மேட்டு நிரை. முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினேன். நாலாம் நாள் பக்கத்துக் காம்பிராக்காரி கீழே ரோட்டில் நின்று கூப்பிட்டாள்.

"சாக்குப் போடுறத நிப்பாட்டிட்டாருடி. கொழுந்து தங்கமா வருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியானால் வாழைக்காய் அவர் மண்டையில் ஏறிவிட்டது. இனி என்னைக் கூப்பிட்டாக வேண்டும்.

"என்னிய எப்ப வரச் சொன்னாரு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ போனதுலேருந்துதான் ஒழுங்கா புளிக்குதுன்னு தொரைகிட்ட சொல்லிட்டாருடி."

நான் கூடையை இறக்கி வைக்கவில்லை. இறக்கினால் மறுபடி தூக்க என் முழங்கால் விடாது.