நைட் ஷிப்டுக்குப் போனது யார்?

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் இது 2006 ஆகஸ்டில், சென்னையிலிருந்து போனால் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வரும் தண்டலத்துப் பக்கம், சுகப்பிரியா என்ற பெண்ணுக்கு அப்படியே நடந்தது. கூட இருந்தவர்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

சுகப்பிரியாவுக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். வயது இருபது. செல்போனுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில் டிரெய்னி. வரிசை வீடுகளில் ஓர் அறை, எட்டுக்குப் பத்து. இரண்டு பெண்கள், ஒரே பாய். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள், ஷிப்டுக்குப் போகிறவர்களிடம் அது வழக்கம்தான். கூட இருந்த பேச்சிக்கு ஜெனரல் ஷிப்ட், ராத்திரியில் தூங்குவாள். சுகப்பிரியாவுக்கு நைட், பகலில் தூங்குவாள். ஒருத்தி எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் வந்து படுப்பாள். ஓய்வில்லாமல் உழைத்தது அந்தப் பாய்தான்.

அந்த மாதம் கம்பெனியில் லிஸ்ட் போடப் போவதாகப் பேச்சு. நாற்பது டிரெய்னிகளில் பன்னிரண்டு பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களாம். ஒரு நாள் சொல்லாமல் லீவு போட்டாலும் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். ஊரில் தாய்மாமன் தயாராக இருந்தான். முப்பத்தெட்டு வயது. பல் விளக்கும் முன்னே குடி. "வேலை நிலைக்கலைன்னா தை மாசம் கல்யாணம்" என்று அம்மா போனிலேயே சொல்லிவிட்டாள்.

அந்தப் பயத்தில் சுகப்பிரியாவுக்குத் தூக்கம் போயிற்று. எட்டு நாள். கண்ணை மூடினால் மாமன் முகம், திறந்தால் சுவர். பிரஸ் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் தலை ஆடும். அந்த மெஷினுக்கு யார் தலை ஆடினாலும் ஒன்றுதான். கை உள்ளே இருந்தால் கையையும் சேர்த்து அடித்துவிடும்.

பேச்சியும் அதே கம்பெனியில் டிரெய்னிதான், அவள் பிழைப்பும் அதே லிஸ்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவளுக்குத் தலை சாய்ந்தால் குறட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பாயில் நெருக்கியடித்துப் படுக்கும்போது சத்தமாக ஒன்று சொல்வாள்.

"சாமி, நான் உறங்குதேன். நீ முழிச்சிரு."

"ஏட்டி, சாமிக்கே வாட்ச்மேன் வேலையா?" என்று சுகப்பிரியா கிண்டல் செய்வாள். "எந்தச் சாமிட்டி?"

"முழிச்சிருக்க சாமி."

அவ்வளவுதான். அடுத்த நொடி குறட்டை.

ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. பகல் 1.15. சுகப்பிரியா புரண்டு புரண்டு படுத்தாள். அழுதாள். சனிக்கிழமை லிஸ்ட். இன்றும் தூங்காவிட்டால் கை போகும், தூங்கிப்போய் பஸ்ஸை விட்டால் வேலை போகும். அலாரத்தை எட்டரைக்கு வைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, சுவரைப் பார்த்து அதே வார்த்தைகளைச் சொன்னாள்.

"சாமி... நான் உறங்குதேன். நீ முழிச்சிரு."

எந்தச் சாமி என்று அவளும் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? யாரோ தலையைத் தடவிவிட்டதுபோல் இருந்தது. எட்டு நாள் தூக்கமும் மொத்தமாக வந்து அமுக்கியது.

கண் விழித்தபோது கடிகாரத்தில் 6.50.

சாயங்காலம் என்று நினைத்தாள். உடம்பு பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. பிறகுதான் வெளியே பால்காரர் சைக்கிள் மணி கேட்டது... டிரிங்... டிரிங்...

காலை.

பஸ் ராத்திரி 9.45க்கே போயிருக்கும். ஷிப்டும் முடிந்திருக்கும். வேலை போயிற்று. பக்கத்தில் பேச்சி படுத்திருந்தாள். உலுக்கினாள்.

பேச்சி கண்ணைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே எழுந்து சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டாள்.

"ஏட்டி... நீ எப்ப வந்த?"

"நான் எங்கட்டி போனேன்? ஏன் என்னை எழுப்பல?"

"நீதான் அலாரம் அடிச்சதும் எந்திச்சு ஒம்பதரைக்குப் போனியே! சாப்பிட்டியான்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. நீ போனப்புறம் நான்தான தாழ் போட்டுட்டு வெறும் பாயில படுத்தேன்..."

இருவரும் கதவைப் பார்த்தார்கள்.

தாழ் போட்டபடியே இருந்தது.

ஆணியில் மாட்டியிருந்த கம்பெனியின் நீலக் கோட்டைக் காணோம். அடையாள அட்டையைக் காணோம். செருப்பைக் காணோம்.

சுகப்பிரியா வெறுங்காலோடு மெயின் ரோட்டுக்கு ஓடினாள். 7.20. நைட் ஷிப்ட் பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் இறங்கியவள் கனகலட்சுமி, லைனில் அடுத்த மெஷின். சுகப்பிரியாவைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த டிபன் பாக்ஸ் கீழே விழுந்தது.

"நீ... பின்னால கடைசி சீட்லல்லா உக்காந்திருந்த?"

டிரைவர் ராஜாமணி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, எப்ப எறங்குன? இப்பத்தானே டோரே தொறந்தேன்!"

ஏறிப் பார்த்தார்கள்.

கடைசி சீட். ஆள் இல்லை.

மடித்து வைத்த நீலக் கோட்டு. மேலே அட்டை. சீட்டுக்கு அடியில் செருப்பு... ஜோடியாக.

நடந்ததைக் கனகலட்சுமி அழுதுகொண்டே சொன்னாள். ராத்திரி சரியாக 2.10. சுகப்பிரியாவின் மெஷின் யாரும் அழுத்தாமலே இறங்கியது. இடது கை உள்ளே இருந்ததை லைனே பார்த்தது. மெஷின் மேலே ஏறியது. அந்தக் கை வெளியே வந்தது. நசுங்கவில்லை. ரத்தம் இல்லை. அடுத்த தகட்டை எடுத்து வைத்தது.

சூப்பர்வைசர் இராமச்சந்திரன் வற்புறுத்தி முதலுதவி அறைக்கு அனுப்பினார். "பத்து நிமிசத்துல திரும்பி வந்துட்டட்டி. ஆறரை வரைக்கும் என் பக்கத்துலதான் வேலை பாத்த. ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகல."

சனிக்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். ஒன்பதாவது பெயர் சுகப்பிரியா. கீழே பேச்சியும் இருந்தாள். அம்மா போனில், "மாமன்கிட்ட வேணாம்னு சொல்லிடுதேன்" என்றாள். அன்றிலிருந்து சுகப்பிரியாவுக்குப் படுத்தால் தூக்கம். தன்னை ஒரு துணை பார்த்துக்கொள்கிறது என்ற நிம்மதி. அது யார் என்று யோசித்தால் மட்டும் முதுகு சில்லிட்டுப்போகும். அதனால் யோசிப்பதை விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தலைவலி மாத்திரை வாங்க முதலுதவி அறைக்குப் போனாள். நர்ஸ் கங்கா உள்ளூர்க்காரி. இவளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். இவள் மணிக்கட்டைப் பிடித்து வெகுநேரம் நாடி பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"அன்னிக்கு வந்தது நீ இல்ல. கரெக்டா?"

சுகப்பிரியா தலையை ஆட்டினாள்.

"நாடி புடிச்சுப் பாத்தேன். ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம்... நாடியே இல்ல. கை ஐஸ் மாரி கீது. வெளிய சொன்னா என்னத்தான் பைத்தியம்பாங்க. எழுபத்திரெண்டுன்னு ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன்."

"பயமா இல்லையாக்கா?"

"வரணும். வரலியே. எங்கூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தாரு அப்ப. நாலு நாளா நான் ஒரு பொட்டுகூட கண்ணு மூடல. அந்தக் கையைப் புடிச்சதும் மன்சு அப்பிடியே அடங்கிப்போச்சு. வுடவே தோணல. புடிச்சிக்கினே தூங்கிட்டேன் சுகா."

"எவ்வளவு நேரம்க்கா?"

"ஆறு மணிக்கு முழிச்சேன்," என்றாள் கங்கா. "அப்பவும் அந்தக் கை என் கையிலதான் இருந்திச்சு."