தென்னை மரத்தடியில் கிடைத்த முடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ந்துபோன தென்னை மரத்தடியில் மண்வெட்டியைப் போட்டால், முடி வருகிறது!

ஒரு மரத்தடியில் மட்டும் இல்லை. தோண்டிய இடமெல்லாம் கொத்துக் கொத்தாக முடி.

கொஞ்சம் பின்னாடி போகிறேன், அப்போதுதான் புரியும்.

ஆலங்காயம் பக்கம் எனக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருக்கிறது. (இதோடு போட்டிருக்கும் போட்டோவில் பெரிதாகத் தெரிகிறதே என்று கேட்காதீர்கள், ஓரமாக நின்று எடுத்தது.) அப்பா எனக்கென்று கொடுத்தது. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். என் வீட்டுக்காரர் வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சூப்பர்வைசர். வாரம் முழுக்கத் தோல், ஞாயிறு மட்டும் தோப்பு.

அந்தத் தோப்புதான் காய ஆரம்பித்தது. முதலில் மட்டை நுனி கருகியது. குரும்பை கொட்டியது. பிறகு மட்டையே மடங்கித் தொங்கியது.

எங்கள் பக்கம் எது செத்தாலும் காரணம் ரெடியாக இருக்கும். டேனரிக் கழிவுத் தண்ணீர்! (மாப்பிள்ளை ஓடிப்போனாலும் அதைத்தான் சொல்வார்கள்.) ஆனால் எங்கள் தோப்பு மலையடிவாரத்தில் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு டேனரியும் கிடையாது. பக்கத்து நிலத்து முனிரத்தினம் அண்ணனின் மரங்கள் கொழுகொழு என்று நிற்கின்றன.

இதற்குள் ஒரு பிளாட் புரோக்கர் மோப்பம் பிடித்து வந்துவிட்டான். மரம் போன இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், கொடுத்துவிடுங்கள் என்று போன் மேல் போன். மரம் எல்லாம் போய்விட்டால் இடத்தையும் கொடுக்க வேண்டியதுதான்.

நான் புலம்பும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. ஷிப்ட் முடிந்து தனியாகத் தோப்புக்குப் போகிறார். கேட்டால் “சும்மா பாத்துட்டு வந்தேன்” என்கிறார். புரோக்கரோடு சேர்ந்துகொண்டு இவரே மரத்துக்கு ஏதோ ஊற்றுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. (அன்றிலிருந்து தட்டில் ஆம்லெட் கட்!)

கடைசியில் விவசாய ஆபீசில் சொல்லி ஒரு மேடம் வந்தார். கிணற்றுத் தண்ணீர், மரங்களுக்கு நடுவில் உள்ள மண், மரத்தடி மண் எல்லாம் எடுத்துப்போய் டெஸ்ட் பண்ணிவிட்டுப் போன் செய்தார்.

“தண்ணி நல்லா இருக்குங்க. நடுவுல எடுத்த மண்ணும் நல்லா இருக்கு. மரத்தடி மண்ணுல மட்டும் உப்பு ரொம்ப ஜாஸ்தி. யாரோ கொண்டாந்து கொட்டுன மாதிரி இருக்கு. தோண்டிப் பாருங்க.”

அப்படித் தோண்டியபோதுதான் முடி!

வேடிக்கை பார்க்க வந்த முனிரத்தினம் அண்ணன் சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டார்.

“இது செய்வினைம்மா. கைய வெக்காத” என்றார். கலவை ஊரில் தெரிந்த மந்திரவாதி ஒருவர் இருக்கிறார், கூட்டிவந்து எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்.

அதுவரை ஊமையாக இருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். “ஆமாண்ணா, செய்வினையேதான்.”

ஆடி மாதம் கூழ் ஊற்ற வரச்சொன்னாலே நக்கல் பண்ணுகிற மனுஷன்!

நான் அந்த முடியை எடுத்து மோந்து பார்த்தேன். ஆட்டு முடி. கூடவே பச்சைத் தோலின் வீச்சம். எங்கள் ஊரில் மூக்கு இருக்கிற யாருக்கும் அது தெரியும். டேனரிக்கு வருகிற பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். ஊறவைக்கும் முன்னால் அந்த உப்பை உதறுவார்கள். அதோடு முடியும் சேர்ந்து உதிரும். அது யாருக்கும் வேண்டாம், மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க இது?”

“தென்னைக்கு ஒரு புடி உப்பு போட்டா நல்லா காய்க்கும்னு கம்பெனில பாய் ஒருத்தர் சொன்னாரு. அங்க சும்மாதான கெடக்குதுன்னு…”

“எவ்ளோ போட்டீங்க?”

“மரத்துக்கு ஒரு மூட்ட.”

“அவ்ளோதானா?”

“அப்புறம் காய ஆரம்பிச்சுதா, சத்து பத்தலியோன்னு இன்னொரு தபா போட்டேன்.”

என் கையில் மண்வெட்டி இருந்தது. (அவர் நல்ல நேரம், முனிரத்தினம் அண்ணன் நடுவில் நின்றார்.)

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“உங்களுக்கு இன்னா தெரியும் விவசாயம்னுதான் எப்பவும் கேப்ப. கொல கொலயா காய்ச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அந்த புரோக்கர் வேற பேஜார் பண்றான். உங்கப்பா குடுத்த எடம், அது போயிடக் கூடாதுன்னுதான் பண்ணேன் கலா.”

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். மரத்தைக் கொன்றது இவர்தான் என்ற என் சந்தேகம் சரி. காரணம்தான் தப்பு!

செய்வினை இல்லை என்றதும் முனிரத்தினம் அண்ணன் முகம் வாடிவிட்டது. எதற்கும் ஒரு எலுமிச்சம்பழம் சுற்றிப் போடலாமே என்று கேட்டுப் பார்த்தார்.

மேடம் சொன்னபடி உப்பு மண்ணை வாரி எடுத்தோம். நல்ல மண்ணும் தொழு உரமும் போட்டோம். உப்பு இறங்கிப் போக, தண்ணீரை விட்டு விட்டு வடிய வைத்தோம். வாரிய மண்ணை என் வீட்டுக்காரரே மூட்டை கட்டி டேனரிக்குத் திருப்பிக் கொண்டுபோனார். கேட்டில் இருந்த வாட்ச்மேன், இங்கிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாராம்.

குருத்து அழுகிய மரங்களை வெட்ட வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை.

புரோக்கர் திரும்ப போன் செய்தபோது அவர்தான் எடுத்தார். “எடம் விக்கறதுக்கு இல்ல” என்று சொல்லி வைத்துவிட்டார். (ஆம்லெட் திரும்ப வந்துவிட்டது. டபுள்!)

இன்று காலை போனோம். மிச்சம் இருக்கிற மரங்களில் பச்சையாகப் புதுக் குருத்து விட்டிருக்கிறது. அவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது. மெதுவாகப் பக்கத்தில் போய் நின்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“கம்பெனில தோல்ல சீவுற ஜவ்வு சும்மாதான் கெடக்குது. நல்ல எருவாம். ரெண்டு மூட்ட எடுத்தாரட்டா?”

நண்பர்களே, தோப்பு கேட்டுக்குக் கனமான பூட்டு ஒன்று வேண்டும். சாவி என்னிடம்தான் இருக்கும். ஆம்பூரில் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும்? இன்பாக்ஸில் சொல்லுங்கள், கமெண்ட்டை அவர் படிக்கிறார்!