அரைப் பேர்

என் சின்ன வயதில் அன்றைக்கு, தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் இருந்தது ஐந்தே பேர்: தொரை, தொரைசாணி, சமையல் அப்பு, அம்மா, நான். நேற்று யட்டியாந்தோட்டையில் ஒரு கடையில் சிவப்புத் தரைப் பாலிஷ் டின்னைத் திறந்தார்கள். அந்த வாடை ஏறியதும் என் கண் என் பாதத்தைத்தான் பார்த்தது, அழுக்கு இருக்குமோ என்று.

"அரண்மனை மாதிரி பங்களா, இடிச்சிட்டாங்களே" என்றார் கடை முதலாளி.

"நல்லதுதான் பண்ணுனாங்க" என்றேன்.

வெள்ளைக்காரன் கட்டினது. கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள், மூன்று பக்கமும் விறாந்தை, அடைமழைகூட மெதுவாகக் கேட்கிற உயரத்தில் கூரை, அவ்வளவு பெரிய கட்டடத்தில் எங்களுக்கென்று விட்டது சமையல் குசினிப் பக்கம் குனிந்து நுழைகிற ஒரு கதவுதான். அதற்குள்ளே அம்மா பாதித் தேங்காய் மட்டையை ஒற்றைக் காலால் மிதித்து, சரக் சரக்கென்று, முகம் தெரிகிறவரைக்கும் சிவப்புப் பாலிஷ் போட்டுத் தரையைத் தேய்க்கும்.

அன்றைக்கு இடிச் சத்தத்துக்குப் பயந்து நான் முன்வாசல் வழியாக உள்ளே ஓடிவிட்டேன். சேறும் அட்டை கடித்த ரத்தமுமாக ஏழு கால்தடம்.

"இது எந்த நாயோட காலு?" என்று தொரை கேட்டான்.

"எம் மகதாங்க தொரை" என்றது அம்மா.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் ஒரு பேர் போடுவார்கள். கூலி அதைப் பார்த்துத்தான். அம்மா முழுத் தரையையும் திரும்பத் தேய்த்தது. தொரை அரைப் பேர்தான் போடச் சொன்னான்.

பங்களா போய்விட்டது, அம்மாவும் போய்விட்டது. மிச்ச அரைப் பேர் இன்னும் பாக்கி.